நூலகத்தில் எதற்கு இங்கிலீஷ் வகுப்பு? (தென்னாப்பிரிக்கா)

வாசகர் கேள்வி

ஜொஹானஸ்பர்கில் பத்து வருஷமாக இருக்கிறேன். எங்கள் வட்டார நூலகத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வாரம் ஒருநாள் இலவச இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. அதை மூன்று நாளாக்கப் போகிறார்களாம். என் மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் சத்தம் என்று நூலகத்துக்கு அனுப்பினால் அங்கே இருபது பேர் 'திஸ் இஸ் எ பென்' என்று கோரஸ் பாடுகிறார்கள். நூலகம் படிக்கிற இடம். இங்கிலீஷ் வேண்டுமென்றால் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நானும் அரைகுறை இங்கிலீஷோடு வந்தவன்தான், யாரும் எனக்கு மேசை போட்டுத் தரவில்லை. நான் சொல்வது தப்பா?

14 ஜூன் 2025, இரவு

தப்புதான். கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உறைத்தது.

நான் டர்பன். 2011இல் வந்தேன். வீட்டுக்காரர் தவில் வாசிக்கிறவர், இங்கே ஒரு கோயிலில் கூப்பிட்டார்கள். அவருக்கு வேலை விசா. எனக்கு அவரோடு ஒட்டிக்கொண்டு வருகிற விசா, அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ப்ளஸ் டூ இங்கிலீஷில் 200க்கு 142 வாங்கியவள் நான், தமிழ் மீடியத்தில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவு லெட்டர் எழுதிவிடுவேன். வந்த மூன்றாம் நாள் சூப்பர் மார்க்கெட்டில் கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'பிளாஸ்டிக்?' என்றாள். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் எனக்குத் தெரிந்த வார்த்தை. கிரெடிட் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து 'நோ, ஒன்லி கேஷ்' என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். இங்கே 2003இலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனியாகக் காசு, வேண்டுமா என்று கேட்டுத்தான் தருவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு கிலோ வெங்காயம், பால், சோப்பு எல்லாவற்றையும் முந்தானையில் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

அந்த 'பிளாஸ்டிக்?' எந்த யூடியூப்பில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்புறம் நான் நூலகத்துக்குப் போனது வெயிலுக்குப் பயந்து. ஒரே பத்திரிகையை மூன்று நாளாகப் புரட்டிக்கொண்டிருந்ததை ஓர் அம்மாள் பார்த்திருக்கிறார். ரிட்டயர்டு டீச்சர், இங்கேயே பிறந்த தமிழ்க் குடும்பம், தமிழில் 'சாப்பிட்டியா', 'வா', 'போ' மூன்றும்தான் தெரியும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். குழந்தைகள் பகுதிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, நாலு நாற்காலி. அவ்வளவுதான் எங்கள் வகுப்பு, அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது. இப்போது சனிக்கிழமைகளில் அதே மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், டீச்சர் ஆன்ட்டியோடு. அதனால் இந்த விஷயத்தில் நடுநிலைமை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

15 ஜூன் 2025

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். உங்கள் மகள் விஷயத்தை விட்டுவிட்டேனே. அது சின்ன விஷயம் இல்லை. இந்த நாட்டில் நூலகத்துக்கு மதியம் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள்தான், புத்தகம் எடுக்க வருவதில்லை, உட்கார்ந்து படிக்க ஒரு மேசையும் விளக்கும் தேடி வருகிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாற்காலி பெரிய சொத்து. அங்கே போய் கோரஸ் பாடினால் எனக்கே எரிச்சல் வரும்.

யோசிக்கிறேன். ஆனால் 'திஸ் இஸ் எ பென்' யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அதை நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

16 ஜூன் 2025

இன்று லீவு, நூலகம் மூடல். யூத் டே. 1976இல் கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆஃப்ரிகான்ஸில், அதாவது அப்போதைய வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியில், படிக்கச் சொன்னதற்காகச் சொவெட்டோ என்ற கறுப்பர் குடியிருப்புப் பிள்ளைகள் ஊர்வலம் போய்ச் சுடப்பட்ட நாள். என் மாமனார் 1965இல் இந்தி எதிர்ப்பில் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர். முதல் வருஷம் இங்கே யூத் டே நிகழ்ச்சியை டிவியில் காட்டியபோது போனில் அவரிடம் சொன்னேன். 'அங்கயுமா?' என்றார். இரண்டு இடத்திலும் வேண்டாமென்ற மொழி வேறு, கடைசியில் நிலைத்து நின்றது இங்கிலீஷ். இதில் பெருமைப்படவா வருத்தப்படவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றால், பாதி.

21 ஜூன் 2025, சனி

'யாரும் எனக்கு மேசை போட்டுத் தரவில்லை' என்கிறீர்களே, இந்த ஊரில் ஒரு காலத்தில் நமக்கு மேசை போட்டார்கள். துறைமுகத்தில்.

1897. டர்பன் இருக்கிற நேட்டால் அப்போது தனி காலனி. காந்தி வந்த கப்பலிலிருந்து ஆட்களை இறங்கவிடாமல் ஜனவரியில் வெள்ளைக்காரர்கள் கலாட்டா செய்தார்களே, அதே வருஷம். இந்தியர்கள் இறங்கக் கூடாது என்று நேரடியாகச் சட்டம் போட்டால் லண்டனில் சங்கடம், பிரிட்டிஷ் பிரஜைதானே எல்லோரும். அதனால் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டார்கள்: இறங்குகிறவன் ஏதாவதொரு ஐரோப்பிய மொழியின் எழுத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தியன் என்ற வார்த்தையே சட்டத்தின் அந்தப் பிரிவில் கிடையாது. திருக்குறள் முழுக்க மனப்பாடம், மணிமணியான கையெழுத்து, எல்லாம் இருந்தாலும் தமிழில் என்றால் படிக்காதவன் கணக்குதான், அப்படியே கப்பலில் திரும்ப வேண்டியது. லண்டனில் காலனி மந்திரி சேம்பர்லினுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போய் மற்ற காலனிகளுக்கும் சிபாரிசு செய்தார். 1901இல் ஆஸ்திரேலியா இதைக் கொஞ்சம் மாற்றி 50 வார்த்தை டிக்டேஷனாக எடுத்துக்கொண்டது. அதிகாரி எந்த ஐரோப்பிய மொழியில் வேண்டுமானாலும் வைக்கலாம். இங்கிலீஷ் தெரிந்தவன் வந்தால் வேறு மொழி.

இன்றைக்கு வகுப்பில் இதை டீச்சர் ஆன்ட்டி சொன்னதும் கொங்கோவிலிருந்து வந்திருக்கும் அண்ணன் ஒருவர் கை தூக்கி 'பிரெஞ்சு செல்லுமா?' என்று கேட்டார். செல்லும் என்றதும் 'அப்போ நான் பாஸ்' என்றார். மேசையே சிரித்தது. அவர் அங்கே வாத்தியாராக இருந்தவர், இங்கே ஷாப்பிங் சென்டர் வாசலில் கார் பார்த்துக்கொள்கிறார்.

22 ஜூன் 2025

ஒரு திருத்தம். நேற்று 'நமக்கு' என்று மொத்தமாக எழுதிவிட்டேன். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புக்காட்டுக்கும் சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் இறக்கினார்கள், அவர்களிடம் யாரும் பேனாவை நீட்டவில்லை. கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துக் கடை வைக்க வந்தவனிடம்தான் நீட்டினார்கள். கரும்பு வெட்ட இங்கிலீஷ் வேண்டாம், கணக்கு எழுத வேண்டும் என்றால் வேண்டும்.

ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா கரும்பு வகை. என் வீட்டுக்காரர் தவில் வகை. எங்களுக்கு அந்தக் காலத்தில் எந்த வரிசை என்று தெரியவில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

28 ஜூன் 2025, சனி

நீளமாக எழுதப் போகிறேன், வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

புத்தக இங்கிலீஷ் இந்த ஊரில் பாதிதான் கைகொடுக்கும். 'ஜஸ்ட் நவ்' என்றால் நம்மூரில் இப்போதுதான் முடிந்தது என்று அர்த்தம். இங்கே 'ஐ ஆம் கமிங் ஜஸ்ட் நவ்' என்றால் எப்போதாவது வருவேன் என்று. வந்த புதிதில் பிளம்பர் அப்படிச் சொன்னார் என்று குளிக்காமல்கூட வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மறுநாள் மத்தியானம் வந்தார். சீக்கிரம் வருவதானால் 'நவ் நவ்'. ரோபாட் என்றால் டிராஃபிக் சிக்னல். ரோபாட்டில் இடதுபக்கம் திரும்பு என்று ஒருவர் வழி சொன்னபோது நான் ஏதோ பொம்மை வைத்த கடையைத் தேடினேன்.

இன்றைக்குத் தகராறு 'ஷார்ட் லெஃப்ட்'. மினிபஸ் டாக்ஸியில் போகிறவர்களுக்குத் தெரியும், அடுத்த இடதுபக்கத் திருப்பம் தாண்டினதும் இறக்கிவிடு என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பது. டாக்ஸியில் பெல் கிடையாது, ஸ்டாப் கிடையாது, வாயைத் திறக்காவிட்டால் கடைசி ரேங்க், அதாவது டாக்ஸி ஸ்டாண்ட், வரைக்கும் போக வேண்டியதுதான். புருண்டியிலிருந்து வந்த அக்கா ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், நாலு வாரமாக எங்களோடு உட்காருகிறார், ஒவ்வொரு தடவையும் தன் தெருவைத் தாண்டிப் போய் இருபது நிமிஷம் திரும்பி நடக்கிறாராம். கத்துவதற்கு வெட்கம். டீச்சர் ஆன்ட்டி 'எக்ஸ்கியூஸ் மீ டிரைவர், மே ஐ அலைட் ஹியர்' என்று சொல்லித் தந்திருக்கிறார். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் டாக்ஸி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று நான் சொன்னேன். 'நான் நாற்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர், ஷார்ட் லெஃப்ட்டைக் கரும்பலகையில் எழுத மாட்டேன்' என்று ஆன்ட்டி. இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம், நூலகர் வந்து பார்த்தார்.

கடைசியில் நாற்காலிகளை டாக்ஸி மாதிரி வரிசையாகப் போட்டோம். கொங்கோ அண்ணன் டிரைவர். புருண்டி அக்காவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, சத்தமாக, இன்னும் சத்தமாக, என்று பயிற்சி. முதல் நாலு தடவை அவர் தன் மடியைப் பார்த்துச் சொன்னார். ஐந்தாவது தடவை 'ஷோட்லெஃப்ட்!' என்று கத்தினதில் குழந்தைகள் பகுதியில் ஒரு பையன் புத்தகத்தைக் கீழே போட்டான். ஆன்ட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். எழுதினார். ஆனால் மேற்கோள் குறிக்குள்.

(ஆமாம், உங்கள் மகள் அங்கே இருந்திருந்தால் எங்களைச் சபித்திருப்பாள். ஒத்துக்கொள்கிறேன்.)

1 ஜூலை 2025

வரிப்பணம் பற்றி ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார். வெளிநாட்டவருக்கு நம் பணத்தில் ஏன் என்று. நம் பணமா, ஐயா? நாமும் வெளிநாட்டவர்தானே.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1996 அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவு அடிப்படைக் கல்வி 'ஒவ்வொருவருக்கும்' உரிமை என்கிறது, அதில் வயதுவந்தோருக்கான அடிப்படைக் கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. குடிமக்களுக்கு என்று எழுத வேண்டிய இடங்களில் அந்தச் சாசனம் குடிமக்கள் என்று தெளிவாகவே எழுதுகிறது, இங்கே எழுதவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், நூலகம் யார் பொறுப்பு என்பதிலேயே குழப்பம். தேசிய நூலகம் தவிர மற்றவை மாகாணத்தின் அதிகாரம் என்று சாசனத்தின் 5ஆம் அட்டவணை சொல்கிறது. கட்டடத்தையும் ஆட்களையும் வைத்து நடத்துவது பெரும்பாலும் நகராட்சி. ஒருத்தன் வீடு, இன்னொருத்தன் வாடகை. 2007-08 நிதியாண்டிலிருந்து மத்தியிலிருந்து தனி மானியம் ஒன்று நூலகங்களுக்கென்று வருகிறது, அதனால் புதுக் கட்டடங்கள் வந்தன, கணினி வந்தது. ஆனால் கூடுதலாக இரண்டு மணி நேரம் திறந்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். வகுப்பை விரிவாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, சாவி யாரிடம் இருக்கும்?

நியூயார்க்கில் குவீன்ஸ் நூலகம் 1977இலேயே குடியேறிகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது, அதைப் பாருங்கள் என்று ஒருவர். பார்த்தேன். நல்ல விஷயம். இங்கே 2022-23இல் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டில் எங்கள் மாலை வகுப்பு இருட்டிலேயே செத்தது, அதையும் பாருங்கள்.

5 ஜூலை 2025, சனி

இன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். போன வாரம் பதினாலு.

நான்தான் காரணம், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசைக்கு ஒரு 'அந்தஸ்து' வேண்டும், முடித்தவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், அப்போதுதான் வாரத்துக்கு இன்னும் ஒருநாள் கேட்க முடியும் என்று மார்ச்சிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தேன். சரி என்றார்கள். சான்றிதழ் என்றால் வருகைப் பதிவேடு வேண்டும். பதிவேடு என்றால் பேர், ஐடி எண், முகவரி. ஒரு நீல நிற நோட்டு, கோடு போட்டு, கயிற்றில் பேனா கட்டி, வாசலிலேயே வைத்துவிட்டார்கள். வைத்தவர் கெட்டவர் இல்லை, மேலே கணக்குக் காட்ட வேண்டும் அவருக்கு.

ஆனால் இந்த மாதம் ஊர் இருக்கிற இருப்பைப் பாருங்கள். கிளினிக் வாசலில் கூட்டமாக நின்றுகொண்டு, ஐடி காட்டு, வெளிநாட்டுக்காரனா, திரும்பிப் போ என்று ஆட்களை மடக்குகிறார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்கு இந்த நாட்டில் முகாம் கிடையாது, 1998 அகதிகள் சட்டப்படி ஊருக்குள் இருந்து பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருக்கும் பர்மிட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு நாள் காலாவதியான தாளோடு இருக்கிறவர், கயிற்றில் கட்டின பேனாவைப் பார்த்ததும் என்ன செய்வார்? முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவார், இன்னொருவர் வீட்டுக் கொல்லைப்புற அறைக்கு எண் ஏது?

புருண்டி அக்கா வாசல் வரை வந்து நோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகத் துப்புரவு அம்மா சொன்னார்.

1897 பற்றி அவ்வளவு நீட்டி முழக்கினவள் நான். பேனாவை நீட்டினதும் நானே.

6 ஜூலை 2025

தூங்கவில்லை. சான்றிதழை யாரும் கேட்கவே இல்லை என்பது ராத்திரி இரண்டு மணிக்குத்தான் உறைத்தது. எனக்குத்தான் அது வேண்டியிருந்தது, 142 மார்க் புத்தி.

12 ஜூலை 2025, சனி

நோட்டை எடுத்தாயிற்று. ஆன்ட்டி போய்ப் பேசினார். ஆட்களை எண்ணினால் போதும், பேர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். இப்போது ஒரு அட்டையில் வருகிறவர்களுக்குக் கோடு: நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. இன்று ஒரு கட்டும் ஒரு கோடும். ஆறு.

புருண்டி அக்கா வரவில்லை. கொங்கோ அண்ணனும் வரவில்லை, ஆனால் அவரை வாசலுக்கு வெளியே பார்த்தேன், மஞ்சள் ஜாக்கெட்டோடு. எப்போதும் சனிக்கிழமையில் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கார் பார்க்கிறவனுக்குச் சனி, ஞாயிறுதான் காசு. பதினாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இது தோன்றவே இல்லை. 'அண்ணா, உங்களுக்கு என்றைக்கு வசதி?' என்றேன். செவ்வாய்க்கிழமை காலை செத்த நேரம் என்றார்.

டீச்சர் ஆன்ட்டி அப்போது ஒரு கதை சொன்னார், காந்தியே எழுதியிருப்பது. 1893இல் பிரிட்டோரியா வந்த புதிதில், யாருக்காவது இங்கிலீஷ் வேண்டுமானால் நான் சொல்லித் தருகிறேன் என்று கூட்டத்தில் சொன்னாராம். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். மூன்று பேராலும் வகுப்புக்கு வர முடியாது, அதனால் இவரே அவர்கள் இடத்துக்குப் போனார், அவர்கள் வியாபாரத்தில் இருக்கும்போதுகூட. எட்டு மாதம் போல நடந்தது. இரண்டு பேர் கணக்கும் கடிதமும் எழுதுமளவு தேறினார்கள். நாவிதருக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது, வருகிற வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்தால் போதும்.

எனக்கு அந்த நாவிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தால் சவரக்கத்தி துடைக்கப் பயன்படுத்தியிருப்பார்.

20 ஜூலை 2025, ஞாயிறு

ஆடி பிறந்தாயிற்று, கோயிலில் கூழ். இங்கே அதைப் 'பாரிட்ஜ்' என்பார்கள், மாரியம்மனுக்குப் பாரிட்ஜ் பிரேயர். வாளி தூக்கிக் கை வலிக்கிறது, சின்னதாக எழுதுகிறேன்.

ஆன்ட்டி வந்திருந்தார். கூழ் குடித்துவிட்டுப் பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்தார். அவருடைய ஆயாவுக்கு (பாட்டிக்கு) ஊரிலிருந்து வந்தது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாமல் பெட்டியில் கிடந்ததாம். ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் எட்டு வயதுப் பிள்ளையாக இவர்தான் கூடப் போய் டாக்டர் சொல்வதை மாற்றிச் சொல்வாராம், அப்போது தமிழ் இருந்திருக்கிறது வாயில். பள்ளிக்கூடம் போய், டீச்சராகி, கரைந்துவிட்டது. படித்துச் சொன்னேன். மழை இல்லை, கறவை மாட்டை விற்றோம், நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது, சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. அவ்வளவுதான். ஆன்ட்டி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அவர் சிறுமியாக இருந்தபோது சிட்டி ஹால் கட்டடத்து நூலகம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். குவீன் தெருவில், பார்சி ருஸ்தம்ஜி பேரோடு இருந்த காந்தி நூலகத்துக்குத்தான் அப்பா கூட்டிப் போவாராம். சாஸ்திரி காலேஜில் படித்தவர் அந்த அப்பா, நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இங்கே இந்திய அரசின் ஏஜென்டாக இருந்து எழுப்பினது, 1929இல் திறந்தது. வெள்ளைக்காரனே வாயைப் பிளக்கும் இங்கிலீஷ் பேசின மனுஷன் சாஸ்திரி. அந்த இங்கிலீஷ் ஆன்ட்டி வரைக்கும் இறங்கியிருக்கிறது, தமிழ்தான் நடுவில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. ஷார்ட் லெஃப்ட்.

22 ஜூலை 2025, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலை பத்து மணிக்கு நூலகத்துக்குப் போய்ச் சும்மா பார்த்தேன். காலி. பேப்பர் படிக்கிற இரண்டு தாத்தா, மின்விசிறி. ஒரு பிள்ளைகூட இல்லை, எல்லோரும் வகுப்பில். மதியம் இரண்டரைக்கு மேல்தான் கூட்டம்.

கேள்வி கேட்ட சகோதரரே, இதை அங்கே போய்ச் சொல்லுங்கள். மூன்று நாள் வேண்டாமென்று சண்டை போடாதீர்கள். மூன்று நாளும் காலையில் வையுங்கள் என்று கேளுங்கள்.

29 ஜூலை 2025, செவ்வாய்

பத்து மணிக்கு எட்டுப் பேர். கார் பார்க்கிறவர்கள் மூன்று பேர், ராத்திரி செக்யூரிட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு ஒருவர், மலாவியிலிருந்து வந்த தையல்காரர், கோயில் மடப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கும்பகோணத்துத் தம்பி, அப்புறம் இரண்டு அம்மாக்கள். புருண்டி அக்கா வந்துவிட்டார்! வாசலில் நோட்டு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஒரு விஷயத்தில் என் பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். இங்கிலீஷ் மட்டும் போதாது. அக்கா கிளினிக்கில் இங்கிலீஷில் பேசினால் நர்ஸ் ஜூலுவில் பதில் சொல்கிறாராம். நியாயம்தானே, 2022 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் 8.7 சதவீதம், ஜூலு 24.4. இந்த மாகாணத்தில் கேட்கவே வேண்டாம். குடியுரிமைச் சட்டமும் ஆட்சிமொழிகளில் ஏதாவது ஒன்றில் பேசத் தெரிந்தால் போதும் என்றுதான் கேட்கிறது. துப்புரவு அம்மாவைக் கூப்பிட்டோம். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து கால்மணி நேரம் 'உக்ஸோலோ' சொல்லித் தந்தார், மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க என்கிற மாதிரி. நடுவில் ஒரு சொடக்குச் சத்தம் வரும், நாக்கின் ஓரத்தைக் கடைவாயில் ஒட்டி இழுக்க வேண்டும். கொங்கோ அண்ணன் திணறினார். கும்பகோணத்துத் தம்பி முதல் தடவையிலேயே கச்சிதமாகச் சொன்னான். எப்படி என்றால், 'மாட்டு வண்டி ஓட்டும்போது இப்படித்தானக்கா முடுக்குவோம்' என்கிறான்.

அதே மேசையின் ஓரத்தில் கடைசிப் பத்து நிமிஷம் ஆன்ட்டி என்னிடம் 'அ' எழுதினார். சுழி எந்தப் பக்கம் என்று குழப்பம். தம்பி திருத்தினான். ஆன்ட்டி அவனுக்கு 'ஜஸ்ட் நவ்' விளக்கினார்.

9 ஆகஸ்ட் 2025, சனி

மகளிர் தினம், நூலகம் மூடல், இது எனக்கு ஞாபகமே இல்லாமல் போய் வாசலில் நின்றேன். படியில் புருண்டி அக்காவும் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரே டாக்ஸியில் திரும்பினோம். நான் ஏதோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து சத்தம் வந்தது. டிரைவர் 'யெபோ மாமா' (ஜூலுவில் சரிம்மா) என்று ஓரம் கட்டினார். அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் இறங்க வேண்டிய இடம் அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

செவ்வாய்க்கு நாற்காலி போதவில்லை, கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி நாலு கேட்டிருக்கிறேன். மகளுக்கு ட்ரயல் பரீட்சை நெருங்குமே, உங்கள் நூலகத்தில் காலை நேரம் பற்றிப் பேசினீர்களா, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.